கால் கைக்கு வந்துவிட்டது, ஆள் விழவில்லை: கி அணிந்த ஆட்டத்தில் எந்த ஃபினிஷ் யாருக்கு?

கி என்கிற கனத்த துணி உடுப்பு அணிந்து ஜுஜிட்சு பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சிங்கிள் லெக் (எதிராளியின் ஒரு காலைப் பிடித்து விழவைப்பது) பிடிக்க வருகிறது. பிடித்தபிறகு ஆள் நொண்டிக்கொண்டே நிற்கிறார், விழ மாட்டேன் என்கிறார். டபுளுக்கு (இரண்டு காலையும் பிடிப்பதற்கு) மாறுவதா, காலைத் தூக்குவதா, விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்ப்பதா?" கி இல்லாத வகுப்பில் இதே ஆட்கள் நன்றாகவே விழவைக்கிறார்கள். துணி மாட்டியதும்தான் வம்பு.

கி இல்லாத ஆட்டத்தில் வியர்வை இரண்டு பேருக்கும் பொதுவான தொல்லை. உங்கள் கையிலிருந்து கால் வழுக்கும், உங்கள் தோளிலிருந்து அவர் கையும் வழுக்கும். துணி வந்ததும் இரண்டுமே தங்கிவிடுகின்றன. உங்கள் தொடைகளுக்கு நடுவே மாட்டிய காலை அவரால் சட்டென்று உருவ முடிவதில்லை. அதே சமயம் அவர் உங்கள் பிடரிக் காலரையோ பெல்ட்டையோ பற்றிவிட்டால் அந்தக் கையைக் கழற்ற உங்களாலும் முடிவதில்லை. காலைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிற ஒவ்வொரு விநாடியும் அவருக்கு இன்னொரு பிடியைக் கொடுக்கிறது. அதனால் எந்த ஃபினிஷ், அதாவது விழவைத்து முடிக்கும் எந்த வழி, என்று முடிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது அவர் கையைத்தான். அது என் உடுப்பில் எங்கே இருக்கிறதோ, அதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

## எதை வைத்து எடைபோடுவது

வேகம். கால் கைக்கு வந்ததிலிருந்து ஆள் விழும்வரை எவ்வளவு நேரம் பிடிக்கிறது? மேலே சொன்ன காரணத்தால் கி ஆட்டத்தில் இதற்கு மதிப்பு கூடுதல்.

கழுத்து. தலையைக் குனிந்து உள்ளே போகும்போது உங்கள் காலரே உங்களுக்குச் சுருக்காக மாறும். லூப் சோக், கில்லட்டின், முட்டி போட்டு முடங்கினால் கிளாக் சோக் என்று கழுத்தை நெரிக்கும் பிடிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன.

இறங்கும் இடம். ஐ.பி.ஜே.ஜே.எஃப். (பன்னாட்டு பிரேசிலிய ஜுஜிட்சு சம்மேளனம்) விதிப்படி டேக்டவுனுக்கு, அதாவது ஆளை விழவைப்பதற்கு, 2 புள்ளி. ஆனால் விழவைத்தபின் மேலே 3 விநாடி நிலைத்திருந்தால்தான் அது கிடைக்கும். விழுந்தவர் உடனே எழுந்துவிட்டாலோ உங்களைப் புரட்டிவிட்டாலோ பட்ட பாடு வீண். அவர் கார்டுக்குள், அதாவது அவர் கால்களுக்கு நடுவே, போய் விழுவதும், கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்குவதும் ஒன்றல்ல.

தவறினால். முயற்சி பலிக்காவிட்டால் நின்ற நிலைக்கே திரும்பி வருகிறீர்களா, அவர் எடைக்கு அடியில் கிடக்கிறீர்களா?

உடம்பு கொடுக்கும் விலை. முட்டி, விரல், இடுப்பு. வாரம் மூன்று நாள், வருடக்கணக்கில் செய்யப்போகிற வேலை என்பதால் இதை ஒதுக்க முடியாது.

| ஃபினிஷ் | வேகம் | கழுத்து ஆபத்து | இறங்கும் இடம் | தவறினால் | உடம்பில் அடி |
|---|---|---|---|---|---|
| டபுள் லெக் | மிக அதிகம் | அதிகம் | பெரும்பாலும் அவர் கார்டுக்குள் | அவருக்கு அடியில் | முட்டி |
| சிங்கிள்: அழுத்திச் சுழற்றல் | நடுத்தரம் | நடுத்தரம் | ஒரு கால் கையில், பாதி பாஸ் ஆன (அவர் கால்களைப் பாதி தாண்டிய) நிலை | முட்டி போட்டு முடங்கல் | இடுப்பு, கழுத்து |
| சிங்கிள்: தூக்கி வாரல் | மெதுவாகத் தொடங்கி சட்டென்று முடியும் | குறைவு | நின்றபடி, கால் கையில் | பெரும்பாலும் நின்ற நிலை | தோள், எதிராளியின் முட்டி |
| காலர் இழுத்துக் கணுக்கால் பறித்தல் | அதிகம் | மிகக் குறைவு | உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் | நின்ற நிலை, காலர் கையில் | விரல் |

## டபுள் லெக்

வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. நல்ல டபுளில் நொண்டுகிற கட்டமே வராது. தோள் போய் இடுப்பில் மோதும், இரண்டு முட்டிக்குப் பின்னாலும் கை போகும், ஆள் மல்லாந்திருப்பார். மல்யுத்தப் பின்னணியுள்ளவர்கள் கி மாட்டிய முதல் வாரத்திலும் இதையே நம்பி இறங்குவதில் வியப்பில்லை.

துணி ஆட்டத்தில் இதற்கு ஒரு நிபந்தனை சேர்கிறது: அவர் கை உங்கள் காலரில் இருக்கக் கூடாது. லேபலை (கி சட்டையின் முன்விளிம்பை) பிடித்து முழங்கையை நீட்டி நிற்கிறவரின் அடியில் புக முயன்றால், உங்கள் நெஞ்சுக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே கம்பு ஊன்றியது மாதிரி அந்தக் கை நிற்கும். அவர் எதிர்ப்பக்கக் காலரைக் குறுக்காகப் பிடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் குனிந்து பாய்கிற வேகமே லூப் சோக்கை இறுக்கிக் கொடுக்கும். அவர் மற்றக் கையை உங்கள் பிடரிக்குப் பின்னால் நுழைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். ஆகவே முதலில் பிடியை உடைத்துவிட்டு, உடைத்த அதே அசைவிலேயே உள்ளே போக வேண்டும். உடைத்தபின் ஒரு மூச்சு விட்டால்கூட கை திரும்பக் காலருக்கு வந்துவிடும்.

யாரும் சொல்லாத செலவு முட்டிக்குத்தான். மல்யுத்த மேட்டில் முட்டி சறுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான ததாமிப் பாயில் கனத்த பேன்ட் துணி இழுபட்டு நின்றுவிடும், மொத்த எடையும் அங்கே இறங்கும். பழைய ஜூடோக்காரர்களின் மொரோத்தே காரி இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கிறது. முட்டியைத் தரையில் வைக்காமல் சற்றே குனிந்து, நெஞ்சால் மோதி, இரண்டு முட்டிக்குப் பின்னாலும் கையால் அணைத்துத் தள்ளுவார்கள். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் டபுள் வேண்டும் என்றால் அதைப் பழகுவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. முட்டிக்குப் பின்னால் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். கி பேன்ட் தொளதொளவென்று இருக்கும். முதலில் துணி இழுபடும், பிறகு கால் வரும். அந்த இடைவெளியில் அவர் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி ஸ்ப்ரால் செய்துவிடுவார். இழுக்கிற கை காலை அணைக்க வேண்டும். துணிப்பிடி, வந்த காலைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளத்தான் உதவும்.

நேராக ஓட்டித் தள்ளினால் பெரும்பாலும் அவர் கார்டுக்குள்தான் விழுவீர்கள். கடைசி இரண்டடியில் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளத் தெரிந்தவருக்கே இது முழுப்பலன் தரும்.

இது யாருக்கு: ஆட்டம் தொடங்கி இன்னும் யாரும் யாரையும் பற்றாத முதல் விநாடிகளில், நிமிர்ந்து நின்று முன்னேறி வருகிற எதிராளிமீது, சிங்கிள் பிடித்தபின் அவர் உங்கள் முதுகுக்கு மேலாகக் குனிந்து பெல்ட்டைப் பிடிக்கும்போது.

## சிங்கிள் லெக்: அழுத்திச் சுழற்றுவது

ரன் தி பைப் என்று எல்லோரும் சொல்வது. அவர் காலை உங்கள் தொடைகளுக்கு நடுவே கவ்வி, தலையை அவர் நெஞ்சில் ஊன்றி, தோளை அவர் தொடைமேல் இறக்கி, பின்வாங்கி வட்டமாகச் சுழன்று உட்காரவைப்பது.

கவ்வுகிற வேலையைத் துணி சுலபமாக்குகிறது. கி இல்லாத ஆட்டத்தில் காலைத் தளர்த்தி உருவிக்கொள்கிற தப்பிப்பு இங்கே பாதி நேரம் பலிக்காது. அதனால் அவசரப்படாமல் தலையைச் சரியாக வைத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தில்தான் அவரும் கையை நீட்டுகிறார். உங்கள் கைக்கு மேலாகக் கை போட்டு பெல்ட்டைப் பற்றிவிட்டால் அவர் எடை முழுவதும் உங்கள் முதுகில் தொங்கும். அவர் கால் உங்கள் கால்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. உச்சி மாதாவுக்கு (உள்தொடையைக் காலால் வாரித் தூக்கி எறியும் ஜூடோ வீச்சு) அதைவிட வசதியான இடம் ஏது? ஜூடோ தெரிந்தவரிடம் இந்த நிலையில் நின்று யோசிப்பது தற்கொலை.

கி தருகிற பரிகாரம் ஒன்று உண்டு. கோத்திருந்த கைகளில் ஒன்றை விடுவித்து அவர் லேபலைப் பற்றி, கால் ஊன்றியிருக்க வேண்டிய வெற்றிடத்தை நோக்கிக் கீழே இழுங்கள். தலை தாழ்ந்தவரால் பெல்ட்டுக்கு எட்ட முடியாது. அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்ளக் காலும் இல்லை. வெறும் தோள் அழுத்தத்தில் இழுபறியாக நின்றது, லேபல் இழுப்பு சேர்ந்ததும் சட்டென்று முடிந்துவிடுவதைப் பார்க்கலாம்.

தவறினால் அடி பலம். முட்டி போட்டுக் காலைக் கட்டிக்கொண்டு கிடப்பீர்கள், அவர் மேலே படுப்பார், காலர் அவர் கையில் இருக்கும். அங்கிருந்து கிளாக் சோக் வருவதற்குள் எழுந்தாக வேண்டும்.

இது யாருக்கு: குட்டையான, கனத்த உடல்வாகுள்ளவர்களுக்கு, உயரமான எதிராளியை எதிர்கொள்பவர்களுக்கு, விழவைத்த கையோடு கார்டைப் பாஸ் செய்ய விரும்புகிறவர்களுக்கு. ஆள் உட்காரும்போது ஒரு கால் ஏற்கெனவே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது சின்ன லாபமல்ல.

## சிங்கிள் லெக்: தூக்கி, நின்ற காலை வாருவது

கி அணிந்த ஆட்டத்துக்கு ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காலைப் பிடித்ததும் கீழே அழுத்தாமல் எழுந்துவிடுகிறீர்கள். கால் உங்கள் கால்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து இடுப்புக்குப் பக்கவாட்டில் போகிறது. உச்சி மாதா கவலை அதோடு குறைந்தது. ஒரு கை குதிகாலுக்கு மேலே, கணுக்காலை அடியிலிருந்து தாங்குகிறது. மற்றக் கை மேலே போய் அவர் லேபலைக் காறை எலும்பு உயரத்தில் பற்றுகிறது. முஷ்டி நெஞ்சில் பதிந்திருக்கிறது, முழங்கை கீழே தொங்குகிறது. உங்கள் முதுகு நிமிர்ந்திருக்கிறது. கழுத்து அவர் கைக்கு எட்டினாலும் இறுக்குவதற்குக் குனிந்த தலை அங்கே இல்லை.

இந்த லேபல் கைதான் எல்லாம். கி இல்லாதவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் எந்தத் திசையில் நொண்ட வேண்டும் என்பதை இனி நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். தள்ளினால் பின்னால் நொண்டுவார், இழுத்தால் முன்னால் வருவார். ஒவ்வொரு குதியிலும் பாதம் மேட்டைவிட்டு எழும்பும், பிறகு தொடும், பிறகுதான் கனம் முழுதாக இறங்கும். தொட்ட பாதத்தில் கனம் இறங்குமுன் வார வேண்டும். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இரண்டு மூன்று குதிகள் விடுங்கள். அவருக்கு ஒரு தாளம் வந்துவிடும். அடுத்த குதிக்குப் பாதம் இறங்கும்போது உங்கள் காலால் அவர் குதிகாலுக்குப் பின்னால் கொக்கி போட்டு, லேபல் முஷ்டியை அவர் பின்னங்கழுத்துத் திசையில் அழுத்துங்கள். நொண்டிப் பின்வாங்க இடமில்லாமல் உட்காருவார், அல்லது மல்லாருவார்.

பலரும் தவறுவது வாருகிற வேகத்தில் அல்ல, லேபல் கையில்தான். காலைத் தூக்குவதில் குறியாக இருந்து மேல்கையை வெறுமனே தொங்கவிடுவார்கள். எதிராளி ஒற்றைக்காலில் ஐந்து நிமிடம்கூட நொண்டுவார். பயிற்சியுள்ளவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

மறைமுகச் செலவுகள் இரண்டு. கனத்த ஆளின் காலைத் தூக்கி வைத்திருப்பது தோளையும் முன்கையையும் தின்றுவிடும். ஒரு நாள் போட்டியில் நான்கைந்து ஆட்டம் என்றால் அது தெரியும். அதைவிடப் பெரியது எதிராளியின் முட்டி. ஒரு கால் உங்கள் கையில் இறுகியிருக்க, மற்றக் காலை வாரினால் அவர் உடம்பு திரும்பி விழும்போது பிடித்த முட்டி முறுக்கிக்கொள்ளும். பயிற்சியில் ஆள் சாயத் தொடங்கியதும் கணுக்கால் பிடியைத் தளர்த்துங்கள், லேபலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விழுவது அதனால் நின்றுவிடாது.

எதிராளி விழப்போவது தெரிந்து தானாகவே கார்டுக்கு உட்கார்ந்துவிடலாம். அது தப்பிப்பாகத் தோன்றும். ஐ.பி.ஜே.ஜே.எஃப். ஆட்டத்தில் அப்போது உங்கள் கை அவர் பேன்ட்டில் இருந்து, மேலே 3 விநாடி நிலைத்துவிட்டால் 2 புள்ளி உங்களுக்கே.

இது யாருக்கு: முட்டி போட விரும்பாதவர்களுக்கு, சோக்குக்கு அஞ்சுகிறவர்களுக்கு, ஜூடோ காலடி வாரல் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு. தன்னைவிட மிகவும் கனத்தவர்மீது காலைத் தூக்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அல்ல.

## காலர் இழுத்துக் கணுக்கால் பறிப்பது

மற்ற மூன்றிலும் முதலில் காலைப் பிடித்து, பிறகு விழவைக்கிறோம். இதில் இரண்டும் ஒரே அசைவு. பிடரிக் காலரையோ லேபலையோ பற்றி, அவர் எடை ஒரு காலில் ஏறும்படி குறுக்காகக் கீழே இழுத்து, கனம் ஏறிய அந்தக் காலின் குதிகாலை மற்றக் கையால் தடுத்துப் பறிப்பது. ஜூடோவில் இதன் உறவுக்காரருக்குக் கிபிசு கயேஷி என்று பெயர்.

கனம் ஏறாத காலைப் பறிக்கப் போவதுதான் வழக்கமான பிழை. லேசான கால் சட்டென்று தூக்கிக்கொள்ளும். அவர் முன்னங்காலை ஊன்றுகிற நேரத்தில் காலரை இழுத்தால், தலை எங்கே போகிறதோ அங்கே எடை போகும், குதிகால் மேட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இதன் பெரிய பலம், தவறினாலும் நஷ்டம் இல்லை. காலர் கையில் இருக்க நின்ற நிலைக்கே திரும்புகிறீர்கள். பலவீனமும் உண்டு: ஆள் பெரும்பாலும் முழுதாக மல்லாராமல் உட்கார்ந்துதான் போவார். கணுக்காலை விட்டுவிட்டு நின்றால் உடனே எழுந்துவிடுவார். கணுக்காலை உயர்த்தியபடியே காலரால் தலையைத் தாழ்த்தி முன்னேறினால்தான் 3 விநாடி கிடைக்கும். விரல்களுக்கு நல்ல சிரமம். பேன்ட் நுனியைப் பிடிக்கும்போது விரல்களை உள்ளே நுழைப்பது விதிமீறல் என்பதால் துணியை வெளியிலிருந்து மடித்துத்தான் பற்ற வேண்டும்.

இது யாருக்கு: வயதானவர்களுக்கு, முட்டியில் பழைய காயம் உள்ளவர்களுக்கு, குனிந்து நின்று பின்வாங்கிக்கொண்டே இருக்கிற எதிராளியிடம் மாட்டியவர்களுக்கு.

## அவர் கை எங்கே?

பிடரிக் காலரில்: தலையைக் கீழே இழுக்கப்போகிறார். அழுத்திச் சுழற்றுவதை மறந்துவிட்டு எழுந்திருங்கள், தூக்கி வாருங்கள்.

முதுகுக்கு மேலாகப் பெல்ட்டில்: அவர் இடுப்பு உங்களிடம் நெருங்கி வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது காலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, டபுளுக்கு மாறுங்கள். தயங்கினால் சுமி கயேஷி என்கிற ஜூடோ வீச்சில் நீங்கள்தான் பறப்பீர்கள்.

முழங்கைப் பக்கம் ஸ்லீவில்: உங்கள் கைகள் கோத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறார். கோக்காமல் முடிகிற வேலைக்குப் போங்கள்: ஒரு கையால் லேபல், ஒரு கையால் கணுக்கால்.

மோவாய்க்குக் கீழே குறுக்குக் காலரில்: காலை விடுங்கள். ஆம், விடுங்கள். நிமிர்ந்து அந்தப் பிடியை உடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். 2 புள்ளிக்காகக் கழுத்தைக் கொடுப்பது நல்ல வியாபாரம் இல்லை.

எங்கேயும் இல்லை: டபுள்.

காலைப் பிடித்ததும் அவர் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டால் மேலே உள்ள நான்கையும் விட்டுவிட்டுப் பெல்ட்டைப் பின்னாலிருந்து பற்றி முதுகுக்குப் போங்கள். முதுகில் ஏறி, இரண்டு கொக்கியும் போட்டு (இரண்டு பாதங்களையும் அவர் தொடைகளின் உள்பக்கம் மாட்டி) நிலைத்தால் 4 புள்ளி, டேக்டவுனைவிட இரட்டிப்பு.

## போட்டி விதி தேர்வை மாற்றும்

வெள்ளை பெல்ட்டுக்கும் சிறுவர் பிரிவுகளுக்கும் ஐ.பி.ஜே.ஜே.எஃப். போட்டியில் தலையை எதிராளியின் உடம்புக்கு வெளிப்பக்கம் வைத்த சிங்கிள் லெக் அனுமதி இல்லை. அந்தப் பிரிவில் இருக்கிறவர்கள் தலையை உள்ளே வைத்தே பழகுங்கள். துணி ஆட்டத்தில் அதுவே கழுத்துக்கும் பாதுகாப்பு.

ஜூடோ போட்டிக்கும் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் உதவாது. சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010ல் நேரடியாகக் காலைத் தாக்குவதற்குத் தடை போட்டது. 2013ல் நின்ற ஆட்டத்தில் பெல்ட்டுக்குக் கீழே கை வைப்பதையே தடுத்துவிட்டது. ஆனால் கி அணிந்து காலைப் பிடித்து முடிப்பது எப்படி என்று பார்க்க 2010க்கு முந்தைய ஜூடோ போட்டிப் பதிவுகளைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. லேபலும் காலும் சேர்ந்து வேலை செய்வது அவற்றில் கண்ணெதிரே தெரியும்.

ரஷ்ய மல்யுத்தமான சாம்போவில் ஜாக்கெட் உண்டு, கீழே அரைக்கால் சட்டைதான். மேலே துணிப்பிடி கிடைக்கும், கால் வழுக்கும். பேன்ட் நுனியை நம்பிய ஃபினிஷ்கள் அங்கே செல்லாது; லேபலோடு சேர்த்து வாருவது அப்படியே செல்லும்.

## எதிலிருந்து தொடங்குவது

மல்யுத்தப் பின்னணி இருந்தால் டபுளை வைத்துக்கொண்டு, தூக்கி வாருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் தூக்கி வாருவதையும் கணுக்கால் பறிப்பையும் ஒன்றாகப் பழகலாம். இரண்டிலும் லேபல் கை ஒரே வேலையைச் செய்கிறது, அதனால் ஒன்று மற்றதை வளர்க்கும். அழுத்திச் சுழற்றுவதை மூன்றாவதாக வைத்துக்கொள்வேன்.

பயிற்சியில் காலைப் பிடிக்கப் போகும் கட்டத்தையே வெட்டிவிடுங்கள். கால் ஏற்கெனவே கையில் இருக்கட்டும். கூட்டாளி காலர், பெல்ட், ஸ்லீவ், குறுக்குக் காலர் இவற்றில் தனக்குப் பிடித்த ஒரு பிடியைப் போட்டுக்கொண்டு "சரி" என்று சொல்லட்டும். அங்கிருந்து ஐந்து விநாடிக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட்டு மறுபடி. முதல் சில வகுப்புகளில் கூட்டாளி வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. பிடியைக் கண்ணால் பார்க்காமல் முதுகுத் துணி இழுபடுவதை வைத்தே கண்டுபிடிக்கப் பழகியபிறகு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.